பல்பு எரிந்தால் போதுமா?



"ஆண்டு மலரில் போய் ஸ்க்ரூ முடுக்குவதைப் பற்றியா எழுதுவாய்?" என்று என் ரூம்மேட் சிரித்தான். சிரிக்கட்டும். ஒரு ஸ்க்ரூவைச் சரியாக முடுக்காததால் எங்கள் வீட்டுச் சுவர் கருகியது. முடுக்கியவன் வேறு யாருமல்ல, நான்தான்!

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதல் வருட லீவில், வெந்நீர் போடும் ஹீட்டர் ராடுக்காக வீட்டில் ஒரு 16 ஆம்ப் சாக்கெட் மாட்டினேன். டெஸ்டர் எரிந்தது. தண்ணீர் சுட்டது. "எலக்ட்ரீசியன்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?" என்றார் அப்பா. "நம்ம புள்ள அதைத்தானே படிக்கிறான், அவன் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார் அம்மா.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலை. ராடைப் போட்டுவிட்டு அம்மா வாசல் தெளிக்கப் போயிருக்கிறார். சாக்கெட்டிலிருந்து புகை! அடுத்த கட்டிலில் அப்பத்தா தூங்கிக்கொண்டிருந்தார். வாடை வந்ததும் அம்மா ஓடிப்போய் மெயினை அணைத்ததால் தப்பித்தோம்.

சனிக்கிழமை ஊருக்கு ஓடினேன். சாக்கெட்டைக் கழற்றிய எலக்ட்ரீசியன் அண்ணன் எட்டாவது வரை படித்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, முடுக்கினியே, இழுத்துப் பார்த்தியா?" பார்க்கவில்லை. ஒயரின் பிரிகளில் பாதி துளைக்கு வெளியே நின்றன. மீதியில் ஸ்க்ரூ செம்பை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு பிவிசி உறையைக் கடித்திருந்தது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? நாம் படித்த கணக்குதான். 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்ப் இழுக்கும். லூஸ் கனெக்ஷனில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வையுங்கள். 1841-ல் ஜூல் சொன்ன ஐ ஸ்கொயர் ஆர் போட்டால் சுமார் 21 வாட். லேபில் நாம் பிடிக்கும் 25 வாட் சால்டரிங் அயனைச் சாக்கெட்டுக்குள் வைத்து மூடிய மாதிரி! சாதாரண பிவிசி ஒயர் தாங்குவதோ 70 டிகிரி. சூடாகிச் சூடாகி ஆறும்போது ஸ்க்ரூ இன்னும் தளரும், ஆக்சைடு படியும், ரெசிஸ்டன்ஸ் கூடும். ஆனால் கரண்ட் மட்டும் 6.5 ஆம்பைத் தாண்டாது. எம்.சி.பி.க்கு என்ன தெரியும், பாவம்! எர்த்துக்கு லீக்கேஜ் இல்லாதவரை ஆர்.சி.சி.பி.யும் சும்மாதான் இருக்கும்.

காப்பர் விலை ஏறியதால் அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். பிரச்சினை கிளம்பியது ஒயரின் நடுவில் அல்ல, அது ஸ்க்ரூவோடு சேரும் இடத்தில்தான்.

இப்போது நம் லேபுக்கு வருவோம். டயகிராமுக்கு மார்க், ரெக்கார்டு நோட்டுக்கு மார்க், வைவாவுக்கு மார்க். பல்பு எரிந்தால் முழு மார்க்! டெர்மினலை இழுத்துப் பார்ப்பவர் யார்? அடுத்த பேட்ச் வருவதற்குள் கழற்றத்தானே போகிறோம் என்று நாமும் ஏனோதானோவென்று முடுக்குகிறோம். அந்தப் பழக்கம்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அண்ணன் அரை மணி நேரத்தில் சொல்லித் தந்தது இவ்வளவுதான். சீவும்போது ஒரு பிரிகூட வெட்டுப்படக் கூடாது. துளையின் ஆழத்துக்கு மட்டும் சீவணும். உறை ஸ்க்ரூவுக்கு அடியில் போகக் கூடாது, செம்பு வெளியே தெரியக் கூடாது. பிரிகளை முறுக்கி, ஒல்லி ஒயரென்றால் நுனியை மடக்கி இரட்டையாகச் செருகணும். ஸ்க்ரூவைச் சுற்றி வளைப்பதென்றால் முடுக்கும் திசையிலேயே வளைக்கணும். மாற்றி வளைத்தால் ஒயர் வெளியே பிதுங்கும். நுனியில் ஈயம் வைக்காதே, அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி ஸ்க்ரூ லூஸாகும். ஃபெர்ரூல் இருந்தால் போட்டு கிரிம்ப் பண்ணு. பேய் முடுக்கு முடுக்கினால் பிரி அறுந்துபோகும், மரையும் கெடும். கடைசியாக, மெயின் அணைந்திருக்கும்போதே ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்: ஒயரிங் பிராக்டிகலில் 5 மார்க்கை இந்த இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு ஒதுக்கும்படி துறைத் தலைவரிடம் கேளுங்கள். கையைவிட்டுக் காசு செலவில்லை. அதுவரை நாமே தொடங்கலாம். என் ஒயரைப் பக்கத்து டேபிள்காரன் இழுக்கட்டும், அவனுடையதை நான் இழுக்கிறேன்.

சாக்கெட்டை மறுபடி நான்தான் மாட்டினேன். அம்மா இன்றும் அதே நம்பிக்கையோடுதான் சுவிட்சைப் போடுகிறார். நாளை நாம் போடும் ஒவ்வொரு சாக்கெட்டுக்குப் பக்கத்திலும் யாருடைய அப்பத்தாவோ தூங்குவார். இழுத்துப் பார்ப்போம், நண்பர்களே!

- இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை