மரத்துக்கு ஜாதகம் இருக்கு, மனுசனுக்கு?

போர்பன் விஸ்கியைப் பற்றி நம் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்பார்கள். குடி நம் சேரிகளில் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று தெரிந்தவன்தான் நான். குடியின் பெருமை பேச வரவில்லை. ருசியைப் பற்றிப் பேசும் உரிமை யாரிடம் இருக்கிறது, அந்த ருசியை உண்டாக்கிய கை எங்கே போனது என்று கேட்க வந்தேன்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம். அங்கே படிக்கிற நம் தோழர் ஒருவரின் அறையில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தோம். மேசையில் நாலு சின்னக் கிளாஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் அளவு. பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு தாள்: மரம், நாடு, தீயில் வாட்டிய அளவு, மணம், ருசி. "மோந்து பாருங்க தோழர், அப்புறம் நாக்குல வைங்க. வித்தியாசம் பூரா மரத்தால வர்றது" என்றார்.

முதல் கிளாஸ் மேக்கர்ஸ் மார்க். வெல்லப்பாகும் வெனிலாவும் கலந்த வாசம். இரண்டாவது, 2010ல் வந்த மேக்கர்ஸ் மார்க் 46. அதே விஸ்கிதான், முதிர்ந்த பிறகு, தீயில் வாட்டிய பத்து பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பீப்பாய்க்குள் இறக்கி இன்னும் சில வாரம் வைக்கிறார்கள். லவங்கமும் பட்டையும் முன்னே வருகின்றன, நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு. மூன்றாவது, 2012ல் வந்த வுட்ஃபோர்ட் ரிசர்வ் டபுள் ஓக்ட். ஆழமாக வாட்டி லேசாகக் கரித்த இரண்டாவது பீப்பாய்க்கு மாற்றியது. சர்க்கரைப் பாகு கருகுவதற்குக் கொஞ்சம் முந்தின பதம். நாலாவது, ஜப்பானின் மிசுநாரா ஓக் பீப்பாயில் கடைசிக் காலத்தைக் கழித்த போர்பன். சந்தனம், ஊதுபத்தி. நாலையும் அடுத்தடுத்து வைத்தால் வித்தியாசம் நிஜம்தான், மறுப்பதற்கில்லை.

காரணமும் இருக்கிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் தேங்காய் வாசம் தரும் பொருள் அதிகம். தீ படும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வெனிலா வாசம் பிறக்கிறது. பிரெஞ்சு ஓக்கில் துவர்ப்பு கூடுதல். அமெரிக்க வெள்ளை ஓக்கின் நாளங்கள் அடைபட்டிருப்பதால் ரம்பத்தால் அறுக்கலாம். பிரெஞ்சு ஓக்கை ரேகை வழியே பிளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். போர்பன் என்றால் ஊறலில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்ளே கரித்த புத்தம் புது ஓக் கலத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். 1964ல் அமெரிக்க காங்கிரஸ் இதைத் தன் நாட்டின் தனிச்சரக்கு என்று தீர்மானமே போட்டது.

மரத்துக்கு எவ்வளவு தூரம் மரியாதை தெரியுமா? பஃபலோ டிரேஸ் கம்பெனி மிசௌரியின் ஓசார்க் மலைக்காட்டில் 96 மரங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றின் மேல்பாதியில் ஒரு பீப்பாய், கீழ்ப்பாதியில் ஒரு பீப்பாய். மொத்தம் 192. ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொன்றுக்கும் வரலாறு. 2011 முதல் 2015 வரை கடைக்கு அனுப்பி, குடித்தவர்களிடம் மதிப்பெண் வாங்கி, 80ஆம் எண் பீப்பாய்தான் சிறந்தது என்று அறிவித்தார்கள். அது மரத்தின் அடிப்பாதியில் செய்ததாம்.

"எல்லாம் சரி தோழர், இதை அந்தக் காலத்துல காய்ச்சினது யாரு?" என்று கேட்டேன். தோழர் தாளைப் பார்த்தார். "அந்தக் கட்டம் இதுல இல்லையே" என்றார்.

இல்லாத கட்டத்தை நாம் போடுவோம். ஜார்ஜ் வாஷிங்டன் 1797ல் வர்ஜீனியாவிலுள்ள தன் மவுண்ட் வெர்னான் பண்ணையில் சாராயம் காய்ச்சும் ஆலை தொடங்கினார். 1799ல் ஏறக்குறைய 11,000 காலன் ரை விஸ்கி அங்கே வடிந்தது. மேலாளர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆண்டர்சன். வேலை செய்த அடிமைகள் ஆறு பேர்: ஹேன்சன், பீட்டர், நேட், டேனியல், ஜேம்ஸ், திமோதி. அந்த விஸ்கியை மரத்தில் முதிர வைக்கவில்லை, வடித்த கையோடு விற்றார்கள். அப்படியென்றால் அந்த ருசிக்கு எந்த ஓக் மரம் பொறுப்பு? முதல் வடியை எங்கே தள்ளுவது, நடு வடியை எப்போது பிடிப்பது, கடை வடியை எப்போது விடுவது என்பதை மூக்கும் நாக்கும்தான் சொல்லும். அந்த மூக்கும் நாக்கும் அடுப்படியில் நின்றவனுக்குத்தான் முதலில் பழகும். அதே ஆளுக்கு எஜமான் சீட்டு இல்லாமல் மது விற்கக் கூடாது என்று தெற்கு மாநிலங்கள் பல சட்டம் வைத்திருந்தன. ருசியை உண்டாக்கலாம், ருசிகன் ஆகக் கூடாது. சாதி இந்து ஊரில் வாழ்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து மாநிலம் டென்னசியில் நேதன் 'நியரெஸ்ட்' கிரீன் என்ற அடிமை மனிதர்தான், டான் கால் என்ற பாதிரியின் பண்ணையில், ஜாக் டேனியல் என்ற சிறுவனுக்கு விஸ்கி காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். 1967ல் வந்த ஜாக் டேனியலின் வாழ்க்கை வரலாற்றிலேயே இவர் பெயர் இருக்கிறது. கம்பெனி தன் அதிகாரபூர்வ வரலாற்றில் அவருக்கு உரிய இடம் தந்தது 2017ல்தான். ஐம்பது வருஷம் அச்சில் இருந்த பெயர் யார் கண்ணிலும் படவில்லையா?

"அதான் இப்ப ஒத்துக்கிட்டாங்களே, அவர் பேர்லயே விஸ்கி கூட வருதே" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். பெயர் வந்தது நல்லதுதான். அதற்காக அலைந்தவர்களை மதிக்கிறேன். ஆனால் பெயரை லேபிளில் ஒட்டுவதும் கணக்கைத் தீர்ப்பதும் ஒன்றாகாது. கற்றுக்கொடுத்தவன் பெயர் வியாபாரத்துக்கு உதவும்போது நினைவு வருகிறது. நிலம், கூலி, பங்கு என்று பேச்சு வந்தால் அதே நினைவு மறந்துபோகிறது. அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம் 1865ல் வந்தது. போர்பனின் தாய்மண் என்று மார்தட்டும் கென்டக்கி அதை ஏற்று ஒப்புதல் தந்தது 1976ல்! விஸ்கிக்குத்தான் முதிர நாள் ஆகும் என்று நினைத்தோம்.

1873ல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த உறவு நமக்குப் புதிதல்ல. ஹேன்சனும் நியரெஸ்ட்டும் நமக்கு அந்நியர் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பாரம்பரியம், கைப்பக்குவம், மண்ணின் மணம் என்று எவன் எதை விற்றாலும், மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பிறகு காய்ச்சினவன் யார், கூலி என்ன என்று கேளுங்கள். அன்றிரவு தோழரின் தாளில் ஒரு கோடு கிழித்து, புதுக் கட்டம் போட்டு, 'கை' என்று தலைப்பு எழுதினோம். நாலு கிளாஸுக்கும் நேரே அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. அதை நிரப்புவதற்குப் பெயர்தான் வரலாறு எழுதுவது.