யாருக்கு முன்னால் தாழ்ச்சி?

நோய் வந்தால் ‘ஆண்டவர் சித்தம்’ என்கிறோம். நட்டம் வந்தாலும் அதே சொல்தான். பேத்திக்கு வேறு சாதியில் வரன் வந்தால் மட்டும் அந்தச் சொல் ஏன் வாயில் வருவதில்லை?

நம் புதுச்சேரிக்கு இது புதிதல்ல. பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து, சம்பா கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் அவர்கள் முறையிட, குருவானவர் அதை இடிக்கச் செய்தார். கோபித்துக்கொண்டவர்களும் கிறிஸ்தவர்களே! ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இதைப் படிக்கலாம். அந்தக் கோவிலையே 1761-இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இன்றுள்ளது 1791-இல் எழும்பியது. கல் சுவர் போயிற்று, மனச் சுவர்?

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியது நாம் பார்த்து உருகுவதற்கல்ல, செய்வதற்கு. பீடத்தின் முன் முழங்காலிடுவது சுலபம். பக்கத்து வரிசையில் இருப்பவரைச் சம்பந்தியாக ஏற்பதுதான் கடினம். ஊர் வாயையும் உறவினர் கோபத்தையும் ஆண்டவர் பொறுப்பில் விட்டுவிட்டு அதைச் செய்வதே கீழ்ப்படிதல், அதுவே விசுவாசம்.

அடுத்த முறை தரகர் வரும்போது, பையன் நல்லவனா என்று மட்டும் கேளுங்கள்.