புரியாத சொல்லுக்குப் போட்ட கையெழுத்து

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளி ஒரு நாள் அந்திப் பொழுதில் நம்மைத் தேடி வந்தார். தறிக்குழியிலிருந்து எழுந்து நேரே வந்திருந்தார். வேட்டி மடிப்பில் ஒரு நோட்டீஸ். முழுக்க முழுக்க இங்கிலீஷ்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கினார். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதான்" என்று சொல்லி இவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இவரும் போட்டுக் கொடுத்தார். கடன் வாங்கியவர் தறியை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். இப்போது முழுப் பாக்கியையும் வட்டியோடு இவர் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் சொல்கிறது.

"நான் ஒரு காசு வாங்கலையே, தோழர்! வாங்காத கடனுக்கு நான் எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டார்.

நோட்டீஸைப் படித்தோம். அதில் இரண்டு சொற்கள் அவருடைய கழுத்தை இறுக்கியிருந்தன. ஒன்று, 'ஷ்யூரிட்டி'. அதாவது ஜாமீன்தார். மற்றொன்று, 'கோ-எக்ஸ்டென்ஸிவ்'. நாமும் பத்தாவது வரை படித்தவர்கள்தான். ஆனால் அந்த இரண்டாவது சொல் நமக்கும் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினோம். அது இன்னொரு தெரியாத இங்கிலீஷ் சொல்லைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது. கடைசியில் ஒரு வக்கீல் தோழரிடம் கேட்டுத்தான் தெளிவு பெற்றோம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு. அந்தச் சொல் அங்கே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன்தாரின் பொறுப்பும் அவ்வளவு. கடன் வாங்கியவரை முதலில் துரத்திப் பிடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரிடம் வர வேண்டும் என்பதுகூட இல்லை. நேரே வரலாம்.

அந்தச் சொல்லை நெசவாளியின் முன்னால் பிரித்து வைத்தோம். 'கோ' என்றால் சேர்ந்து. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'டென்ஸ்' என்பது லத்தீன் மொழியில் இழுத்து நீட்டுவது. மூன்றையும் சேர்த்தால், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அளவுக்கு நீட்டப்பட்டது.

தெருவில் பாவு நீட்டிப் பழகிய மனிதர் அவர். அரை நிமிஷம் யோசித்தார். "அப்போ, ரெண்டு பாவும் ஒரே நீளம்னு சொல்லுங்க" என்றார்.

சட்டக் கல்லூரியில் பாடம் கேட்டவர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு!

அன்று முதல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறோம். தொழிலாளிக்கு இங்கிலீஷ் வேண்டுமா, வேண்டாமா என்று மேடைகளில் வாதம் நடக்கிறது. வாதம் முடிவதற்குள் காகிதம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. காகிதத்தில் உள்ள பெரிய சொற்கள் நம்மை ஆளுகின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார்? ஆளப்படுகிறவர்கள்தான்.

மாடி வீட்டுச் சொற்கள்

"எங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்க, மண்டையில் ஏறாது" என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். இது தவறு. கோளாறு நம் மண்டையில் இல்லை. இங்கிலீஷ் ஒரு மாடி வீடு. கீழ்த்தளத்தில் இருக்கும் சொற்கள் வேறு, மேல்தளத்தில் இருக்கும் சொற்கள் வேறு.

இது எப்படி வந்தது? 1066-ல் பிரெஞ்சு பேசும் நார்மன் படை இங்கிலாந்தைப் பிடித்தது. பிரபுக்களும் நீதிபதிகளும் பிரெஞ்சு பேசினார்கள். உழவன் இங்கிலீஷ் பேசினான். மாட்டை மேய்த்தவன் சொன்ன சொல் 'கௌ'. அதே மாடு கறியாகிப் பிரபுவின் மேசைக்கு வந்தபோது அதன் பெயர் பிரெஞ்சிலிருந்து வந்த 'பீஃப்'. மேய்ப்பவனுக்கு ஒரு சொல், தின்பவனுக்கு ஒரு சொல்! வர்க்க வித்தியாசம் மொழிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கோர்ட்டிலும் இதே கதைதான். வழக்காடுவது பிரெஞ்சில், பதிவு எழுதுவது லத்தீனில். தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது இங்கிலாந்தின் குடியானவனுக்கே தெரியாது. 1362-ல்தான் வழக்குகளை இங்கிலீஷில் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவுகளும் இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்ற சட்டம் வர 1731 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பிரெஞ்சுச் சொற்கள் சட்டத்தில் ஊறிவிட்டன. 'ஷ்யூரிட்டி' அப்படி வந்ததுதான். நிலத்தை அடகு வைக்கும் 'மார்ட்கேஜ்' அப்படி வந்ததுதான். அதன் நேர்ப்பொருள் 'செத்த அடமானம்'.

ஆகவே, இங்கிலீஷ்காரனின் பாட்டனுக்கே புரியாதிருந்த சொற்கள் இவை. ஆரணி நெசவாளிக்கும் செய்யாறு விவசாயத் தொழிலாளிக்கும் புரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சீனத்து மாணவனின் பாடு

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் அல்ல. சீனாவில் கோடிக்கணக்கானவர்கள் இங்கிலீஷ் படிக்கிறார்கள். அவர்களும் கீழ்த்தளத்தைத் தாண்டிவிட்டு மாடிப்படியில்தான் திணறுகிறார்கள்.

காரணம் எளிது. சீன மொழி புதிய பொருளுக்குப் பழைய சொற்களைக் கூட்டிப் பெயர் வைக்கிறது. ரயில் 'நெருப்பு வண்டி'. டெலிபோன் 'மின் பேச்சு'. கம்ப்யூட்டர் 'மின் மூளை'. கண் தெரிந்த குழந்தைக்குக் கண் டாக்டரும் தெரியும். நம் தமிழிலும் அப்படியே. புகைவண்டி, தொலைபேசி, கண் மருத்துவர். இங்கிலீஷிலோ கண்ணுக்கு 'ஐ', கண் மருத்துவருக்கு 'ஆப்தால்மாலஜிஸ்ட்'. ஒன்றைத் தெரிந்தவனுக்கு மற்றது தெரிய வழியே இல்லை. இரண்டாவது கிரேக்க மொழியிலிருந்து வந்தது.

எனவே சீன மாணவர்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அகர வரிசைப் பட்டியலில் முதலில் வரும் பெரிய சொல் 'அபாண்டன்'. பொருள், 'கைவிடு'. "முதல் சொல்லைப் படித்தோம், அதன்படியே நடந்தோம்" என்று அவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வது வழக்கம்.

இந்தத் திணறலும் ஒரு வியாபாரம் ஆயிற்று. யூ மின்ஹோங் என்பவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறி, 1980-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1993-ல் 'நியூ ஓரியண்டல்' என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்கப் படிப்புக்கான தேர்வு எழுதுகிறவர்களுக்கு அவர் தொகுத்த சொற்புத்தகத்தை மாணவர்கள் 'சிவப்புப் பொக்கிஷப் புத்தகம்' என்று அழைத்தார்கள். 1960-களில் மாவோவின் மேற்கோள் புத்தகத்துக்கு இருந்த பெயர் அது! 2006-ல் அந்தக் கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. 2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்கு லாபத்துக்காக டியூஷன் நடத்தக் கூடாது என்று சீன சர்க்கார் உத்தரவு போட்டது. 60,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக 2022 தொடக்கத்தில் யூ மின்ஹோங்கே சொன்னார்.

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? சொல்லைச் சரக்காக்கினால், காசு உள்ளவன் வாங்குவான், இல்லாதவன் கைவிடுவான். நம் ஊரிலும் 'இங்கிலீஷ் மீடியம்' என்ற போர்டைப் பார்த்ததும் நெசவாளி கூலியில் பாதியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். பிள்ளை பாட்டுப் பாடுகிறது, பத்து வாக்கியம் ஒப்பிக்கிறது. அப்பாவுக்கு வந்த நோட்டீஸை நீட்டினால் விழிக்கிறது.

வயிற்றோடு கட்டிய சொல்

நம் மக்கள் கடினமான சொல்லைக் கற்றதே இல்லையா? கற்றிருக்கிறார்கள். மில் கேட்டில் போய் நின்று கேளுங்கள். போனஸ், கிராஜுட்டி, பஞ்சப்படி, சார்ஜ் ஷீட், என்கொயரி, லே-ஆஃப், லாக்-அவுட். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த தொழிலாளிகூட இவற்றின் பொருளைப் பிசகாமல் சொல்வார். 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. இரண்டே வருஷத்தில் ஏரிக்கரையில் மண் வெட்டிய பெண்கள் 'மஸ்டர் ரோல்' எங்கே என்று அதிகாரியைக் கேட்டார்கள். எந்த டியூஷனில் படித்தார்கள்? சொல் வயிற்றோடு கட்டப்பட்டிருந்தது, அதனால் மறக்கவில்லை.

இப்போது புதிய சொற்கள் வந்திருக்கின்றன. 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் 'ஃபிக்ஸ்டு டெர்ம் எம்ப்ளாய்மென்ட்' என்று ஒன்று. கேட்க அழகாக இருக்கிறது. பொருள், குறித்த தேதியோடு முடிந்துபோகும் வேலை. 'ரிட்ரென்ச்மென்ட்' என்று ஒன்று. பொருள், ஆட்குறைப்பு. முன்பு 100 தொழிலாளர் உள்ள ஆலை ஆட்குறைப்புக்கு சர்க்காரின் முன் அனுமதி வாங்க வேண்டும். இனி 300 பேர் இருந்தால்தான் வாங்க வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் 'ஸ்டிரைக்'. பழைய சொல்லுக்குப் புதிய பொருள்! தெரிந்தவன் எச்சரிக்கையாக இருப்பான், தெரியாதவன் மாட்டிக்கொள்வான்.

பட்டுத் தொழிலையே பாருங்கள். 'ஆன்டி-டம்பிங்' என்ற சொல் நம் தறி வரை வந்தது. 'டம்ப்' என்றால் கொட்டுவது, 'ஆன்டி' என்றால் எதிர்ப்பு. சீனத்துக் கச்சாப் பட்டு மலிவு விலையில் வந்து குவிந்தது. 2003-ல் இந்திய சர்க்கார் அதன் மீது குவிப்புத் தடுப்பு வரி போட்டது. புழு வளர்க்கும் விவசாயிக்கு அது பாதுகாப்பு. நூல் வாங்கும் நெசவாளிக்கு விலை ஏற்றம். ஒரே சொல், இரண்டு உழைப்பாளிகளுக்கு இரண்டு விதம். இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் முதலில் சொல் புரிய வேண்டாமா?

இன்னொரு சொல் 'ரிசர்வேஷன்'. 1985-ஆம் ஆண்டின் சட்டம் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கியது. முதலில் 22 ரகம். பின்னர் 11 ஆகச் சுருக்கினார்கள். அந்த ரகங்களை விசைத்தறியில் நெய்வது குற்றம். இந்தச் சட்டம் தன் பக்கம் இருப்பது எத்தனை நெசவாளிக்குத் தெரியும்?

என்ன செய்வது?

முதலாவது, சொல்லைப் பிரித்துப் படியுங்கள். பட்டியலை மனப்பாடம் செய்வது சிக்கல் நூலை அப்படியே தறியில் ஏற்றுவது போன்றது. நூல் என்றால் நமக்கு இழையும் அதுதான், புத்தகமும் அதுதான். லத்தீனில் நெய்வது என்ற வேரிலிருந்தே 'டெக்ஸ்டைல்' வந்தது. படிக்கும் 'டெக்ஸ்ட்'டும் வந்தது. சீனத்தில் பாவுக்கு 'ஜிங்' என்று பெயர். பழம்பெரும் நூல்களுக்கும் அதே பெயர். மூன்று மொழிகளும் ஒன்றையே சொல்கின்றன: எழுத்து என்பது நெசவு. நெய்யத் தெரிந்தவனுக்குப் பிரிக்கவும் தெரியும். வேர்கள் கொஞ்சம்; அவற்றிலிருந்து கிளைத்த சொற்கள் ஏராளம்.

இரண்டாவது, தமிழில் கேளுங்கள். 1956-லேயே தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் ஆயிற்று. ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டது. 2012-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கூடி அதை ஏற்பதற்கில்லை என்றார்கள். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஹைகோர்ட்டுகளில் ஹிந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கு ஏன் இல்லை? இந்தக் கோரிக்கையை விட முடியாது.

ஆனால் கடன் காகிதத்துக்கு ஹைகோர்ட் தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனி நபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கிய விவரப் பட்டியல் ஒன்று கொடுத்தாக வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஜாமீன் போடச் சொன்னால் அதைப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

"தமிழைக் கேட்கிற நீங்கள் இங்கிலீஷைப் படிக்கச் சொல்லலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சொல்லலாம். எதிராளியின் கையில் உள்ள ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது சரணாகதி அல்ல. தமிழில் கேட்பது உரிமைக்கு. இங்கிலீஷைப் பிரித்துப் பார்ப்பது தற்காப்புக்கு. இரண்டு காலாலும் மிதித்தால்தான் தறி ஓடும்.

மூன்றாவது, தனியாகப் படிக்காதீர்கள். சங்க அறையில் வாரம் ஒரு மணி நேரம் போதும். யாருக்காவது வந்த காகிதத்தை நடுவில் வையுங்கள். பத்தாவது படித்த பிள்ளை வாசிக்கட்டும். புரியாத சொல்லைச் சுவரில் எழுதிப் பிரியுங்கள். வாரத்துக்கு ஐந்து சொல் என்றால் வருஷத்துக்கு 260. நம்மைக் கட்டிப் போடும் சொற்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

நோட்டீஸோடு வந்த நெசவாளி தப்பவில்லை. தவணை பேசி முடித்தோம். மாதா மாதம் கூலியில் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அவர் கொடுத்த விலை அது. ஆனால் அந்தத் தெருவில் இப்போது யார் காகிதம் நீட்டினாலும் முதலில் ஒரு கேள்வி வருகிறது:

"இது சாட்சியா, ஜாமீனா?"

அதைத் தெருத் தெருவாகக் கேட்க வைப்பதுதான் நம் வேலை.