பூஸ்டைக் குறைப்பதில் குறைவொன்றுமில்லை

காரின் சக்தியைக் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் பட்டறைகள் பெரிய நகரங்களில் மலிந்துவிட்ட இக்காலத்தில், டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டு ஒருவர் பட்டறை வாசலில் போய் நின்றால், அவரைக் கொஞ்சம் விநோதமான மனிதராகத்தான் அங்குள்ளவர்கள் பார்ப்பார்கள். “பிக்கப் போயிடுமே, சார்” என்று அநுதாபத்தோடு எச்சரிக்கவும் செய்வார்கள். பூஸ்ட் என்னும் அந்த அழுத்தம் அளவுக்கு மிஞ்சுவது ஒரு வியாதியின் அறிகுறி என்பதையும், அதன் காரணத்தைக் கண்டுபிடித்துக் குறைப்பதே பட்டறைக்காரரின் முதற் கடமை என்பதையும், வேகத்தில் மோகங்கொண்ட வாலிபர்களைக் காட்டிலும், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பிரயாணம் செய்கிறவர்களே முக்கியமாக உணரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்ஜினை விட்டு வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டில் கோத்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் டர்போ என்னும் இந்த யுக்திக்கு, ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்ஃபிரட் பியூகி 1905-ஆம் வருஷத்திலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். அது எரிந்தால் புகை மிகும். புகை மிகுந்தால் சக்கரத்தின் வேகம் மிகும். வேகம் மிகுந்தால் மறுபடியும் காற்று மிகும். தடுப்பார் இல்லையேல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டே போகும் இந்தச் சுழற்சியில், சிறிய காரின் டர்போ நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றுக்களைத் தொட்டுவிடும் என்றால், அதை அடக்கி வைக்கும் ஏற்பாடு எவ்வளவு முக்கியமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பெட்ரோல் கார்களில் அந்த ஏற்பாட்டுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர்: புகைப் பாதையில் உள்ள ஒரு சிறு கதவு. அமுக்கப்பட்ட காற்றில் ஒரு சிறு பகுதி, சுண்டுவிரலினும் மெல்லிய ரப்பர் ஹோஸ் ஒன்றின் வழியாக ஆக்சுவேட்டர் என்னும் தகரச் சிமிழுக்குப் போகிறது. அங்கே உள்ள சவ்வைக் காற்று ஒரு புறமிருந்து தள்ள, ஸ்பிரிங் மறு புறமிருந்து எதிர்க்க, காற்றின் கை ஓங்கும்போது சவ்வோடு இணைந்த ராட் நகர்ந்து கதவைத் திறந்துவிட, மிகையான புகை சக்கரத்தைத் தொடாமலே வெளியேறிவிடுகிறது. இப்போது அந்த ஹோஸில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். காற்றுக் கசிந்தால் அழுத்தம் குறையும் என்றுதானே சாதாரண அறிவு சொல்லும்? நடப்பதோ நேர் விரோதம். சிமிழுக்குச் செய்தி போய்ச் சேராமையால் கதவு மூடியே கிடக்க, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகிறது. கார் என்றுமில்லாத உற்சாகத்தோடு பாய்வதைக் கண்டு சொந்தக்காரரும் சில நாள் பூரித்துப்போகிறார். பிறகு ஒரு நாள், நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் தறுவாயில், எஞ்ஜினின் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு எரிபொருளை வெட்ட, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தாற்போல் கார் தயங்கி, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரியும்போதுதான் அவருக்கு விபரீதம் புரிகிறது.

இந்தக் கட்டத்தில் பல பட்டறைகளில் சொல்லப்படும் தீர்ப்பு, “டர்போ போயிடுச்சு, மாத்தணும்” என்பது. மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய பரிசோதனையோ மிக எளியது. கைப்பம்பும் அளவுமானியும் போதும்: ஹோஸைக் கழற்றிவிட்டு, ஆக்சுவேட்டருக்குச் சிறிது சிறிதாகக் காற்றைக் கொடுத்துக்கொண்டே ராடைக் கவனித்தால், தயாரிப்பாளர் குறித்த அழுத்தத்தில் அது நகரத் தொடங்கவேண்டும், கொடுத்த காற்றைச் சவ்வு இழக்காமல் தாங்கி நிற்கவும் வேண்டும். ராட் அசையாவிட்டால், அதைக் கழற்றிவிட்டுக் கதவின் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்த்து, துருவில் இறுகியிருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். முன்பு யாரேனும் பிக்கப்புக்காக ராடின் நீளத்தைக் குறைத்து முறுக்கி வைத்திருந்தால், அதைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்த மாத்திரத்தில் பூஸ்டும் இறங்கிவிடும். அகலமான சைலன்ஸர் குழாய் பொருத்திய கார்களில் மட்டும் தொல்லை வேறு விதம். கதவு முழுவதும் திறந்தும், அந்தத் துவாரம் போதாமல் அழுத்தம் மேலேறும். அங்கே துவாரத்தைப் பெரிதாக்கவேண்டும், அல்லது பழைய குழாயையே மாட்டவேண்டும். டீஸல் கார்கள் பலவற்றில் வேஸ்ட்கேட்டுக்குப் பதிலாக அசையும் இதழ்கள் உள்ளன. நகருக்குள்ளேயே குறுந்தூரம் ஓடி ஓடிக் கரி படிந்து அவை ஒட்டிக்கொண்டால், சுத்தம் செய்வதே வைத்தியம்.

மிகையான பூஸ்ட் செய்யும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. அமுக்கிய காற்று சூடேறும். சூடும் அழுத்தமும் கூடிய பெட்ரோல் கலவை, ஸ்பார்க் பிளக்கின் தீ வந்து சேருமுன்பே ஒரு மூலையில் தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் இந்த வெடிப்பு, பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்புகளைப் பிளந்துவிடும். மிகையழுத்தம் ஹெட் கேஸ்கட்டையும் ஊதித்தள்ளும். கார் ஊட்டிக்குப் போனால் அபாயம் இன்னும் அதிகம். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அதைக் கொண்டு அதே பூஸ்டை உண்டாக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். சமவெளியிலேயே வரம்பை மீறிய டர்போ மலையில் என்ன பாடுபடும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பூஸ்டை அடக்கவேண்டும் என்பதையே சரித்திரமும் சொல்கிறது. அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் காரில், நாக்கிங்கைத் தடுப்பதற்காகத் தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் கட்டுப்படுத்தி எஞ்ஜினைக் காக்கவும் வழி செய்திருந்தார்கள். திரவத்தை ஊற்ற மறந்த சொந்தக்காரர்கள், கார் மந்தமாகிவிட்டது என்று குறை கூறினார்கள். 1963-ஆம் வருஷத்தோடு அந்தக் கார் நின்றுவிட்டது. ஸ்வீடனில் ஸாப் கம்பெனியின் பேர் கில்பிராண்ட் என்ற எஞ்ஜினீயர் இதைவிட நயமான வழி கண்டார்: நாக்கிங் ஒலியைக் கருவியால் கேட்டறிந்து, அதற்கேற்ப எஞ்ஜினே தன் பூஸ்டைத் தானே தணித்துக்கொள்ளும்படி 1980-களின் தொடக்கத்தில் செய்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்திலோ, 1986 வரையில் பூஸ்டுக்கு உச்சவரம்பே இல்லாமல், தகுதிச் சுற்றுக்களுக்காக 5 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றிய எஞ்ஜின்களை மறுநாள் தூக்கி எறிந்தார்கள். 1987-இல் 4 பார், 1988-இல் 2.5 பார் என்று வரம்பு கட்டி, எரிபொருளையும் 150 லிட்டராகச் சுருக்கிய பிறகு, ஹோண்டா எஞ்ஜின் பொருத்திய மெக்லாரன் கார் அவ்வருஷத்து 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அழுத்தம் குறைந்தபோதுதான் எரிப்பின் நுட்பத்தில் அவர்கள் புத்தியைச் செலுத்தினார்கள்.

இந்த உண்மைகளெல்லாம் தெரிந்தும், பூஸ்டைக் குறைத்துக் காட்டி எஞ்ஜினின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் டியூனிங் பெட்டிகள் கடைகளில் தாராளமாக விற்பனையாகின்றன. சென்ஸாரைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கும் இந்த வியாபாரத்துக்குச் சாமர்த்தியம் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. விளக்கு எரிகிறது என்று வருகிறவருக்கு, ஸ்கேனரால் பிழைக்குறியை அழித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவதும் அதே ஜாதிதான்.

ஆகவே டர்போ கார் வைத்திருப்போர் பட்டறைக்காரரிடம் இரண்டு விஷயங்களைத் தயங்காமல் கேட்கவேண்டும்: டர்போவை மாற்றச் சொன்னால், ஹோஸையும் ஆக்சுவேட்டரையும் முதலில் தம் கண்முன் சோதித்துக் காட்டும்படியும், வேலை முடிந்தபின், முன்பிருந்த பூஸ்ட் எவ்வளவு, இப்போதைய பூஸ்ட் எவ்வளவு என்பதைப் பில்லிலேயே எழுதித் தரும்படியும்.