மருத்துவப் பட்டத்துக்கான கடன்: முதற் சம்பளம் வரும்வரை வட்டியை யார் கட்டுவது?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் வடக்கு, கிழக்கு நகரங்களில் வெளிநாட்டு மருத்துவக் கல்வி பற்றிய விளம்பரங்கள் பெருகிவிடும். வெட்டுப்புள்ளியைச் சற்றே தவறவிட்ட பிள்ளையின் வீட்டில் அன்றிரவு ஒரு கணக்குப் போடப்படும். "டொக்டராகி வந்தால் ரண்டு மூன்று வருசத்தில கடனை அடைச்சிடலாம்" என்று யாராவது ஓர் உறவினர் சொல்வார். காணி உறுதி வெளியே எடுக்கப்படும்.

அந்தக் கணக்கில் சம்பளம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது. காலம் மட்டும் இருப்பதில்லை.

பங்களாதேஷில் மருத்துவப் பட்டம் 5 ஆண்டுகள், ரஷ்யாவில் 6 ஆண்டுகள். பட்டத்தோடு நாடு திரும்புபவர் உடனே மருத்துவராகிவிட முடியாது. இலங்கை மருத்துவச் சபையின் 'ஈ.ஆர்.பி.எம்.' பரீட்சையின் எல்லாப் பகுதிகளிலும் சித்தியடைய வேண்டும். பிறகு உள்ளகப் பயிற்சிக்கான அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கொடுப்பனவு கையில் கிடைக்கத் தொடங்குவது அந்தப் பயிற்சியில்தான். நிரந்தர நியமனம் அதற்கும் பிறகு. 19 வயதில் புறப்பட்ட பிள்ளை 27, 28 வயதில்தான் நிமிர்ந்து நிற்கும்.

இந்த இடைவெளியின் விலையை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். செலவின் ஒரு பகுதிக்காக 30 இலட்சம் ரூபாய் கடன் எடுக்கப்படுகிறது, வட்டி ஆண்டுக்கு 14 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி மட்டும் 4 இலட்சத்து 20 ஆயிரம். 6 ஆண்டுகளில் 25 இலட்சத்து 20 ஆயிரம் கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும். வட்டியைக் கட்டாமல் முதலோடு சேரவிட்டால் அதே 6 ஆண்டுகளில் கடன் 65 இலட்சத்தைத் தாண்டிவிடும். அதை 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வேண்டும். புதிய மருத்துவர் ஒருவரின் சம்பளத்தில் இது எவ்வளவு பெரிய பங்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. தனியார் மருத்துவமனை வருமானம் கைகொடுக்கும் என்பார்கள். அது பெயரெடுத்த பிறகு வருவது. கடனோ முதல் மாதமே வந்து நிற்பது.

இதற்கு மேல் டொலர் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் சுமார் 360 ரூபாயானது. ஆண்டுக்கு 4,000 டொலர் கட்டிவந்த குடும்பத்துக்கு 8 இலட்சம் ரூபாய்ச் செலவு 14 இலட்சத்து 40 ஆயிரமானது. படிப்பை இடையில் விட்டால் கட்டியதெல்லாம் வீண், தொடர்ந்தால் புதுக் கடன்.

போர் கடந்துபோன குடும்பங்களுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுதலானது. கணவனை இழந்த தாய்க்கு வங்கி கேட்கும் அரச ஊழியப் பிணையாளர் இருவரைத் தேடுவதே பெரும்பாடு. வங்கிக் கதவு மூடினால் நகை அடகுக்குப் போகும், அதுவும் போதாவிட்டால் தனியாரின் மீற்றர் வட்டி. நுண்நிதிக் கடன் வன்னிப் பெண்களை என்ன செய்தது என்பதை நாம் பார்த்தவர்கள். பல வீடுகளில் மகனின் படிப்புக்கு ஈடு வைக்கப்படுவது மகளின் சீதனக் காணி. கடன் அடையும்வரை அவளுடைய வாழ்க்கையும் காத்திருக்கிறது. அவளிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

அப்படியானால் ஆசைப்படவே கூடாதா? அதுவல்ல. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். இன்னொரு வருட ரியூசன் செலவு எந்தக் கடனோடும் ஒப்பிடக்கூடியதல்ல. மாவட்ட ஒதுக்கீடும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக 5 வீத ஒதுக்கீடும் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் பிள்ளைகளுக்கு உள்ள உரிமைகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டங்கள் கட்டணமின்றி உள்ளன. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் பயிலும்போதே மாதக் கொடுப்பனவு கிடைக்கும். இங்கும் ஆட்சேர்ப்புத் தாமதமாவது உண்டு. ஆனால் காத்திருக்கும் காலத்தில் வட்டி ஏறுவதில்லை.

கடன் எடுத்தே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் முகவரிடம் அல்ல, மருத்துவச் சபையிடமே மூன்று விடயங்களைக் கேட்டறிய வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா? பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு பதிவுக்கான குறைந்தபட்சத் தகுதியை எட்டுகிறதா? திரும்பி வருவோர் பரீட்சையில் எப்படிச் சித்தியடைகிறார்கள்? உள்நாட்டுத் தனியார் தாதியர் பட்டத்துக்குப் போவோர் தாதியர் சபைப் பதிவு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

பிறகு வீட்டில் எல்லோரும், அந்த மகளும் சேர்ந்து இருந்து, ஒரேயொரு கேள்விக்கு விடை எழுத வேண்டும்: முதற் சம்பளம் வரும்வரை மாத வட்டி யாருடைய கையிலிருந்து போகும்? ஒரு பெயரும் நிச்சயமான ஒரு வருமானமும் எழுத முடிந்தால் துணியலாம். "எப்படியும் சமாளிப்பம்" என்பதே விடையானால், உறுதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிள்ளையின் இரண்டாம் தடவைக்கு விண்ணப்பிப்பதே நல்லது.