லண்டன் டு பாரிஸ்: 350 கி.மீ. போக எவ்வளவு நேரம்?

லண்டன் ஹீத்ரூவில் இருந்து பாரிஸ் சார்லஸ் டி கோல் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 350 கி.மீ. வானில் பறப்பது முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான். ஆனால் அட்டவணையில் ஒண்ணேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இரண்டே ஓடுபாதைகளை வைத்துச் சமாளிக்கும் ஹீத்ரூவில் வரிசைக்குப் பஞ்சமே இல்லை.

டிக்கெட்டில் இன்னொரு குழப்பம். காலை 10 மணிக்கு லண்டனில் கிளம்பினால், பாரிஸில் இறங்கும்போது மணி 12.20. திரும்பும்போதோ, 10 மணிக்குக் கிளம்பி 10.20-க்கே லண்டன்! பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நேரம் கரைவது தரையில். இரண்டு விமான நிலையங்களுமே நகர மையத்தில் இருந்து 20 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கின்றன. செக்-இன், பாதுகாப்புச் சோதனை, பாரிஸ் இமிக்ரேஷன் வரிசை எல்லாம் சேர்ந்தால் வாசலுக்கு வாசல் ஐந்து மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

யூரோஸ்டார் ரயில் நகர மையத்தில் இருந்து நகர மையத்துக்கே சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போகிறது. பிரெஞ்சு இமிக்ரேஷனும் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருந்தாலும் ரயில்தான் முந்துகிறது. ஹீத்ரூவில் இறங்கி அப்படியே வேறு விமானம் மாறுபவர்களுக்கு மட்டும் விமானம் லாபம். எதில் போனாலும் சரி, இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு பிரிட்டன் விசா, ஷெங்கன் விசா இரண்டும் தனித்தனியாக வேண்டும்.