மின்தொடரின் ஊசலும் அதனைத் தணிக்கும் கடமையும்

கிணற்றிலிருந்து பம்பினால் நீர் இறைக்கும் விவசாயிகள், மின்சாரம் குறைந்தால் புதிய மின்நிலையமும் புதிய மின்பாதையும் வேண்டுமெனக் கோருவது இயல்பே. ஆனால், உள்ள மின்தொடரை நிலைகுலையாமல் காப்பதும் அதற்குச் சமமான அவசியமாகும்.

இந்தியாவில் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று என்னும் கணக்கில் நடைபெறுகிறது. தென் பிரதேசத்தின் மின்தொடர் 2013-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி, ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதையின் வழியாகத் தேசத்தின் ஏனைய பகுதிகளுடன் இணைக்கப்பட்டது. அன்றுமுதல், இத்தொடரிலுள்ள பெரிய உற்பத்தி யந்திரங்கள் யாவும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளைப் போல ஒத்த கதியில் சுழல வேண்டியவையாயின.

இவ்விணைப்பினால் விளையும் நன்மை பெரிது. மழை பொய்த்து ஓரிடத்து நீர்மின் நிலையம் குன்றினும், வேறிடத்து மின்சாரம் வந்து பயிரைக் காக்கக்கூடும். ஆயினும், ஒரு பெரிய பாதை அறுபட்டாலோ, ஒரு நிலையம் திடீரென நின்றாலோ, ஒரு பகுதியின் யந்திரங்கள் சற்று முந்தியும் மற்றொரு பகுதியின் யந்திரங்கள் சற்றுப் பிந்தியும் ஊசலாடத் தொடங்கும். அவ்வூசல் விரைவில் தணிந்தால் கேடில்லை. ஒவ்வொரு வீச்சிலும் அது வளருமாயின், தொடரே துண்டுபடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி இவ்வாறே நேர்ந்தது. கோடை வெப்பத்தில் தொய்ந்த மின்கம்பிகள் மரங்களிற் பட்டுப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. சில யந்திரங்களும் நின்றன. ஏறக்குறைய 4 விநாடிக்கு ஒரு முறையாக எழுந்த ஊசல் மேன்மேலும் பெருகி, தொடர் நான்கு துண்டுகளாயிற்று. சுமார் 75 லட்சம் வாடிக்கைக்காரர்கள் மின்சாரமிழந்தனர். நிபுணர்கள் அதுவரை நம்பியிருந்த கணக்கின்படி ஊசல் தணிந்திருக்க வேண்டும். உண்மையிலோ அது வளர்ந்தது. ஏட்டுக் கணக்கை மட்டும் நம்புதல் போதாதென்பதற்கு இதுவே சான்று.

இதற்குப் பரிகாரம் உண்டு. உற்பத்தி யந்திரத்தின் காந்தப் புலத்தை ஆளும் பகுதியில் 'ஊசல் தணிப்பான்' என்னும் சிறு கருவி பொருத்தப்படுகிறது. யந்திரத்தின் வேகம் மாறுவதை அது உணர்ந்து, காந்த வலிமையைத் தக்க தருணத்தில் கூட்டியும் குறைத்தும், ஊஞ்சலைக் காலூன்றி நிறுத்துவது போல வீச்சை அடக்குகிறது. ஒரு புதிய நிலையத்தின் செலவை நோக்க, இதன் செலவு அற்பமே. எனினும், தருணம் தவறி அமைக்கப்பட்ட கருவி பயன் தராததோடு ஊசலை வளர்க்கவும் கூடும். அணைத்து வைக்கப்பட்ட கருவியோ இல்லாததற்குச் சமம்.

புதிய பாதைகள் பெருகினால் ஊசல் தானே ஒழியுமென்பார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், பாதைகளும் நிலையங்களும் சேருந்தோறும் தொடரின் இயல்பும் மாறுமாதலால், பழைய அமைப்பு புதிய நிலைமைக்குப் பொருந்துமென்பது நிச்சயமில்லை. ஆகவே, ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் இக்கருவிகளைக் குறித்த காலங்களில் பரிசோதித்துத் திருத்துவதைக் கட்டாயமாக்குவதும், அதன் முடிவுகளைப் பொதுஜனங்கள் அறிய வெளியிடுவதும் நியாயமாகும். புதிய நிலையங்களைக் கோரும் விவசாய சங்கங்கள் இதனையும் உடன் கோருதல் தகும்.

கிராமத்தாருக்கும் இதில் பங்குண்டு. பம்பின் மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டரைப் பொருத்தினால் மின்பாதையின் சுமை குறையும். மின்கம்பியை நெருங்கி வளரும் மரங்களைக் கண்டால், தாமே வெட்ட முற்படாமல், மின்வாரிய அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். கிளையொன்று கம்பியைத் தொடுவதும் பெருங்கேட்டுக்கு வித்தாகலாமென்பதை நிலக்கிழார்களும் கிராம அதிகாரிகளும் மனத்திற் கொள்வார்களாக.